பீர் உணவகமா, சீனர் கடையா, வாழையிலைக் கடையா?

சுங்கை சிப்புட்டில் பிறந்தநாள், போனஸ், பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது என்று எதற்காவது வெளியே சாப்பிடப் போகலாம் என்றால், இப்போதெல்லாம் வீட்டு இளசுகள் முதலில் சொல்வது பீர் உணவகம்தான். கண்ணாடிக்குப் பின்னால் எஃகுத் தொட்டிகள் தெரியும், அங்கேயே காய்ச்சிய பீரைக் குழாயில் பிடித்துக் கொடுப்பார்கள், மெனுவில் ஜெர்மனி, மெக்சிகோ, இத்தாலி, கொரியா என்று பாதி உலகம் இருக்கும். அதற்கு ஈப்போ பக்கம் போக வேண்டும், கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். பெரியவர்கள் கை காட்டுவது டவுனிலேயே இருக்கும் சீனர் கடையை. மூன்றாவது, பீரும் கிடைக்கும் நம்மவர் வாழையிலைக் கடை. எதற்கு எங்கே போகலாம் என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், பெயர்கள் வேண்டாம்.

முதலில் பீர். இதில் பீர் உணவகத்துக்குப் பக்கத்தில் மற்ற இரண்டும் நிற்க முடியாது. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் என்ற பூ. அந்த மணம் நாளாக ஆக, சூடு பட பட மங்கிக்கொண்டே போகும். நம் ஊர் வெயிலில் லாரியில் வந்து, கடை ஐந்தடியில் பெட்டி பெட்டியாகக் கிடந்து, கடைசி நேரத்தில் ஐஸ் பெட்டிக்குள் போகும் போத்தலில் அந்த மணம் எவ்வளவு மிஞ்சும்? அதிலும் பச்சை போத்தல் என்றால் வெளிச்சம் உள்ளே போய் ஹாப்ஸைக் கெடுத்து ஒரு கெட்ட வாடையைக் கிளப்பிவிடும், பழுப்பு போத்தல் அதை ஓரளவு தடுக்கும். சீனர் கடையில் குடிப்பதாக இருந்தால் வாசலில் அடுக்கியதை விட்டுவிட்டு உள்ளே இருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள், தவுக்கே கோபித்துக்கொள்ள மாட்டார்.

பீர் உணவகத்தில் கோதுமை பீர் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஜெர்மன் பாணியில் ஒழுங்காகக் காய்ச்சியிருந்தால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். பழமும் போட்டிருக்க மாட்டார்கள், கிராம்பும் போட்டிருக்க மாட்டார்கள், அத்தனையும் ஈஸ்ட் செய்யும் வேலை. கசப்பு குறைவு என்பதால் காரத்தோடு நன்றாகப் போகும். நம் ஆட்கள் ‘கிக்’ இருக்கும் என்று ஹாப்ஸ் தூக்கலான ஐ.பி.ஏ. பீரை வாங்கிக்கொண்டு கூடவே சம்பல் இறக்கையைக் கடிப்பார்கள். ஹாப்ஸ் கசப்பு மிளகாய்க் காரத்தை இன்னும் தூக்கிவிடும், வாய் எரிந்து இரண்டு பக்கமும் ருசி தெரியாமல் போய்விடும். ஐ.பி.ஏ. வேண்டுமென்றால் காரமில்லாத உருளைக்கிழங்கு வறுவலோடு குடியுங்கள்.

கிளாஸையும் பாருங்கள். உள்சுவரில் குமிழிகள் முத்து முத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம். குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகச் சுவரில் தங்க வேண்டும், அதுதான் சுத்தமான கிளாஸ். வாயில் வைத்ததும் புளித்த காடி வாடையோ உருகிய வெண்ணெய் வாடையோ வந்தால், பெரும்பாலும் குழாய்களைக் கழுவி நாளாகிவிட்டது. தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். அந்த விலைக்கு அது உங்கள் உரிமை.

சரி, சாப்பாடு. இங்கேதான் பீர் உணவகம் எனக்கு இடிக்கிறது. ஆறு நாட்டுச் சமையல் ஒரே அடுப்படியில் வந்தால் ஆறும் சுமாராகத்தான் இருக்கும். டாக்கோ ரொட்டி பாக்கெட்டிலிருந்து வருகிறது, பாஸ்தா குழைந்து வருகிறது, கொரியக் கோழியில் இனிப்பு மட்டும்தான் மிச்சம். அங்கே நம்பிக் கேட்கக்கூடியது பீருக்கென்றே உள்ள சாப்பாடு: சாசேஜ், எண்ணெயில் பொரித்தவை, முக்கியமாக ஜெர்மன் பாணிப் பன்றிக்கால். கொழுப்பும் உப்பும் நாக்கில் படிந்ததும் பீரின் கேஸும் கசப்பும் வந்து கழுவிவிடும், அடுத்த வாய்க்கு நாக்கு தயாராகிவிடும். பன்றிக்கால் தட்டு வந்ததும் கத்தியை வைத்துப் பாருங்கள், தோல் அப்பளம் மாதிரி நொறுங்க வேண்டும். அழுத்தினால் வளைகிறது என்றால் எப்போதோ சுட்டு வைத்ததைச் சூடாக்கித் தந்திருக்கிறார்கள். நன்றாக அமைந்துவிட்டால் மூன்று பேருக்கு அந்த ஒரு தட்டே போதும்.

மாடு சாப்பிடாத குடும்பம் என்றால் பர்கரை மட்டும் தவிர்த்தால் போதாது. சிக்கன் சாப் மேல் ஊற்றும் பழுப்புக் குழம்பு மாட்டெலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கலாம், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சைவம் என்று பாஸ்தா வாங்குகிறவர்களுக்கும் ஒன்று: அசல் பார்மசான் சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டை வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள். புரட்டாசியில் பாட்டியை அங்கே கூட்டிக்கொண்டு போய் என்ன வாங்கிக் கொடுப்பது?

சீனர் கடையில் இந்தத் தொல்லை பாதிதான். குவான் யின் அம்மனைக் கும்பிடும் சீனர்கள் பலர் மாடு தொடுவதில்லை, அதனால் அந்தப் பேச்சு அவர்களுக்கு உடனே புரிகிறது. ஆனால் கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்கலாம், கங்கோங் பிளாச்சானில் இறால் இருக்கிறது, அதை மறக்கக் கூடாது. மற்றபடி அங்கே கிடைக்கும் சூடு வேறு எங்கும் கிடைக்காது. இஞ்சியும் சோயாவும் போட்டு அவித்த மீன் ஆவியோடு மேசைக்கு வரும், காட்டுப்பன்றிக் கறி காரமாக வரும், எல்லாவற்றையும் நடுவில் வைத்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். பாட்டிக்குச் சோறு, பிள்ளைகளுக்கு மார்மைட் கோழி. அந்த மார்மைட்டே பீர் ஆலையில் மிஞ்சிய ஈஸ்டில் பிறந்ததுதான், 1902இல் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில். அதனாலோ என்னவோ, அந்தக் கறுப்புப் பளபளப்பு இனிப்பும் உவர்ப்பும் பீரோடு அவ்வளவு பொருந்துகிறது.

வாழையிலைக் கடைக்கு ஒரே ஒரு காரணம் போதும்: ஆட்டிறைச்சிப் பிரட்டலும் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரும். அதிலுள்ள கருக வறுத்த மால்ட்டின், அதாவது முளைகட்டிய பார்லியின், கசப்பு மிளகுக்கும் வறுத்த மசாலாவுக்கும் சேர்ந்த ஜோடி. ஆனால் ஒரு பக்கம் குடிக்கும் கூட்டம் சத்தமாக இருக்கும்போது அம்மாவும் அண்ணியும் நிம்மதியாக உட்கார முடிவதில்லை. அவர்களைப் பட்டிக்காடு என்று சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வரும். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்துக் கூலிக் காசைத் திரும்ப வாங்கிக்கொண்ட காலத்தைப் பார்த்த குடும்பங்கள் இவை. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடு என்பதும் கோரிக்கைகளில் ஒன்று.

காசு விஷயத்தில் பீர் உணவகம் கடிக்கும். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணம் 10 விழுக்காடும் சேவை வரி 6 விழுக்காடும் தனி, 200 வெள்ளிக்குச் சாப்பிட்டால் பில் 230ஐத் தாண்டும். ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளிக்குள் இருக்கும் சின்னக் கடைகளுக்கு அந்தச் சேவை வரி கிடையாது. பீர் வரி எல்லாருக்கும் பொது. 2025 நவம்பரில் ஏற்றிய பிறகு 5 விழுக்காட்டு பீர் ஒரு லிட்டருக்கு 9 வெள்ளிக்கு மேல் வரியே போகிறது.

அப்புறம், திரும்பி வர வேண்டுமே. 2020இல் குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் தடவையே 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு. குடிக்காத ஒருவர் காடி ஓட்டுவதென்று முடிவாகாமல் ஈப்போவுக்குக் கிளம்பவே வேண்டாம். பல்கலைக்கழகத்துக்குப் போகும் 19 வயதுப் பையனை ஓட்டச் சொல்லலாம், 21 ஆகும்வரை எப்படியும் அவனுக்கு பீர் விற்கக் கூடாது.

என் முடிவு: நண்பர்கள் மூன்று நான்கு பேர், பீரை ருசிக்க வேண்டும் என்றால் பீர் உணவகம், கோதுமை பீரும் பன்றிக்காலும், வேறு எதையும் தொடாமல். பாட்டியிலிருந்து பேரன்வரை மொத்தக் குடும்பம் என்றால் யோசிக்காமல் சீனர் கடை. சனிக்கிழமையானால் ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள், மீனைப் போனிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.