மேஃபேர் சூனியக்காரிகள்: அச்சிலா, கிண்டிலிலா?

மேஃபேர் என்ற சூனியக்காரிக் குடும்பத்தைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் ஆன் ரைஸ் எழுதிய மூன்று நாவல்கள்; வெளிவந்த ஆண்டுகள் 1990, 1993, 1994.

எடை: முதல் பாகமே தலையணை கனம். தாம்பரம் மின்சார ரயிலில் நின்றபடி வாசிக்கக் கிண்டில்தான்.

தலைமுறைகள்: அச்சுதான், சந்தேகமே இல்லை. சுசானிலிருந்து ரோவன் வரை 13 சூனியக்காரிகள். நடுவில், அமானுஷ்யத்தை ஆராயும் ரகசிய அமைப்பான தலமாஸ்காவின் ஆவணங்கள் தொடங்கியதும் கதை 17ஆம் நூற்றாண்டுக்குப் போய்விடும். யார் யாருக்கு மகள் என்று ஏற்கனவே படித்த பக்கங்களை அடிக்கடி புரட்ட வேண்டும். கிண்டிலில் பெயரைத் தேடினால் பின்னால் வரும் வரிகளும் திரையில் வந்து, யார் சாகிறார் என்பது முன்பே தெரிந்துவிடும். அருமையான திருப்பங்கள் வீணாகும்.

ஆயுள்: சென்னைப் புழுக்கத்தில் தடித்த பேப்பர்பேக்கின் முதுகுப் பசை விட்டு, தாள் கழன்று வரும். முழுக்க விரித்து மடிக்காதீர்கள்.

முதல் பாகத்தை அச்சில் வாங்குங்கள், பழைய பிரதியானாலும் சரி. மற்ற இரண்டுக்கும் கிண்டில் போதும்.