எலக்ட்ரானிக் கை என்று சொல்லி 2,85,000 ரூபாயை வாங்கிக்கொண்டு அலையவிடுகிறார்கள்

கையை இழந்தவர்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள் யாராவது இருந்தால் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன், இல்லையென்றால் வயிற்றெரிச்சல் அடங்காது.

கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். விபத்தில் வலது கை நசுங்கி, முழங்கைக்குக் கீழே பாதியில் எடுத்துவிட்டார்கள். பத்துப் பேர்கூட இல்லாத பட்டறை, இ.எஸ்.ஐ. கிடையாது. முதலாளி பேசி முடித்துக் கொடுத்த இழப்பீடுதான் கையிருப்பு. அதிலிருந்துதான் அந்த 2,85,000 ரூபாய் செயற்கைக் கை விற்கும் ஒரு கடைக்குப் போனது. கிளினிக் என்று போர்டு வைத்திருக்கிறார்கள், நான் கடை என்றுதான் சொல்வேன். பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

உள்ளே போனதும் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். மிச்சமிருக்கிற கையில், தசையின் மின் சிக்னலைப் பிடிக்கும் இரண்டு சென்சாரை வைத்துப் பட்டையால் கட்டினார், ஒன்று உள்பக்கம், ஒன்று வெளிப்பக்கம். மேசைமேல் ஒரு கறுப்புக் கை நிற்கிறது. "அண்ணா, இல்லாத விரலை மடக்குங்க" என்றார். மனசுக்குள் மடக்கினேன். மேசையில் இருந்த கை மெதுவாக மூடியது. விரிக்க நினைத்தேன், விரிந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த இடத்தில் எவனாக இருந்தாலும் பணத்தைக் கட்டியிருப்பான். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதற்காகத்தான் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னதே.

வந்து சேர்ந்தது மேசையில் இருந்த கை இல்லை. பெயர், நம்பர் எதுவும் இல்லாத வேறொன்று. "அதே மாடல்தான், இது புது வெர்ஷன்" என்றார்கள். சரி என்று மாட்டினால் சாக்கெட், அதாவது மிச்சக் கை நுழையும் கூடு, லொடலொடவென்று ஆடுகிறது. கை வியர்த்தால் போச்சு, சென்சார் தோலை விட்டு நகர்ந்து தன்னிஷ்டத்துக்கு வேலை செய்யும். டம்ளரைப் பிடித்திருக்கும்போது தானாக விரிந்து காபி மொத்தமும் மடியில். இன்னொரு நாள் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, கையைக் கழற்றிவிட முடியாமல் கதவோடு நின்றேன், பையன் வந்து பேட்டரியைப் பிடுங்கினான். மேலே போட்ட தோல் நிற உறை ஒரே வாரச் சாப்பாட்டில் மஞ்சள் பிடித்துவிட்டது.

போன் செய்தால் முதலில் "பழகப் பழகச் சரியாயிடும் அண்ணா". அடுத்தது "நீங்க எக்சர்சைஸ் பண்ணலை". நேரில் போனால் "டெக்னீஷியன் லீவ்". கையை வாங்கி வைத்துக்கொண்டு "கம்பெனிக்கு அனுப்பியிருக்கோம்" என்று இழுத்தடித்து, திரும்பக் கொடுத்தபோது உறையை மட்டும் மாற்றியிருந்தார்கள். சாக்கெட்டைப் பற்றிக் கேட்டதற்கு, அது வாரண்டியில் வராதாம், புதுசுக்குத் தனியாகப் பணமாம்! 2,85,000 ரூபாய் எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். அண்ணா போய் சார் ஆனது அன்றைக்குத்தான். இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் வருகிறது.

அரசு மருத்துவமனையில் செயற்கை உறுப்புப் பிரிவில் காட்டியபோதுதான் விஷயமே தெரிந்தது. அறுவை முடிந்த முதல் சில மாதங்கள் வீக்கம் வடிந்து கை சுருங்கிக்கொண்டே வருமாம். அப்போது அளவெடுத்து நிரந்தரச் சாக்கெட் செய்தால் பொருந்தாமல்தான் போகும். முதலில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் சோதனைச் சாக்கெட் செய்து, தோல் எங்கே அழுந்துகிறது என்று பார்த்துத் திருத்திவிட்டுத்தான் கடைசிச் சாக்கெட் செய்ய வேண்டும். கடையில் அப்படி ஒன்றைக் கண்ணிலேயே காட்டவில்லை. அவர்களுக்கு வேண்டியது வீக்கம் வடிவதற்குள் பணம்.

இப்போது நான் போட்டிருப்பது கொக்கி வைத்த சாதாரணக் கை. எதிர்த் தோளைச் சுற்றி ஒரு வார், அதிலிருந்து கம்பி. தோளை முன்னால் தள்ளினால் கொக்கி விரியும், விட்டால் ரப்பர் வளையம் இழுத்து மூடிக்கொள்ளும். பார்க்க அழகில்லை, பஸ்ஸில் குழந்தைகள் முறைத்துப் பார்க்கும். ஆனால் கொக்கி எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது தோளில் தெரிகிறது, சார்ஜ் வேண்டாம், ஸ்பேனர் பிடிக்கிறேன், வண்டிக்குப் பஞ்சர் ஒட்டினேன். எலக்ட்ரானிக் கையே மோசம் என்று சொல்லவில்லை, நன்றாகப் பொருந்தி நன்றாக ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இடது கையால் அடித்து விரல் கடுக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். அளவெடுப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று நம்பரைக் கேட்டு இணையத்தில் பாருங்கள். வெள்ளைக் கோட்டை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். சோதனைச் சாக்கெட் உண்டு, இத்தனை முறை திருத்தித் தருவோம் என்று எழுத்தில் வாங்குங்கள். பில்லில் மாடல் நம்பர் வேண்டும், எனக்குக் கொடுத்தது வெறும் கொட்டேஷன். அதற்கெல்லாம் முன்னால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், மத்திய அரசின் அடிப் திட்டத்தில் வருமானத்தைப் பார்த்து இலவசமாகவே செயற்கை உறுப்பு கொடுக்கிறார்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட, கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் போடப்போகிறேன். அதே கடையில் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் தனிச் செய்தியில் வாருங்கள், சேர்ந்தே போடலாம்.