எம்.பி.எச். படிப்பா, முனைவர் பட்டமா?

பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்பை நாடுவோர் பலர் எம்.பி.எச். எனும் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம், முனைவர் பட்டம் (பிஎச்.டி.) ஆகிய இரண்டுக்கும் இடையே தடுமாறுகிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் பொதுச் சுகாதாரப் பிரிவான அச்சுத மேனன் மையம் இரண்டையும் வழங்குவதால், அதை முன்வைத்தே ஒப்பிடலாம்.

காலம்: எம்.பி.எச். 2 ஆண்டுகள், முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், நடைமுறையில் பெரும்பாலும் அதற்கும் மேல்.

பணி: எம்.பி.எச். மாணவர் நோய்ப்பரவலியல், உயிரிப்புள்ளியியல், சுகாதாரக் கொள்கை ஆகியவற்றைக் கற்று ஓர் ஆய்வேடும் எழுதுகிறார். வீடு வீடாக இரத்த அழுத்தம் அளந்து, வினாநிரலில் விடுபட்ட ஒரு விடைக்காக அதே படியை மீண்டும் ஏறும்போது பிடிபடும் தரவின் அருமை வகுப்பறையில் விளங்காது. முனைவர் ஆய்வாளரோ ஒரே கேள்வியை ஆண்டுக்கணக்கில் துருவுகிறார். வழிகாட்டியின் ஆய்வு ஈடுபாடு தம்முடையதோடு ஒத்துவராவிட்டால் அந்த ஆண்டுகள் பாரமாகிவிடும்.

மாவட்டத் திட்டங்களை நடத்த விரும்பும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் எம்.பி.எச். போதும். கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் வாழ்நாள் பணியாகக் கொள்வோருக்கு முனைவர் பட்டமே பொருந்தும், அவர்களும் எம்.பி.எச். முடித்த பிறகு அதில் இறங்குவதே நல்லது.