ஏஐயா, ரீல்ஸா, அளவீடா: பி.ஆர். வேலையில் இருப்பவர் முதலில் எதைக் கற்பது?

மக்கள் தொடர்பு வேலையில் இருப்பவர்களுக்கு இன்று பயிற்சி வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் ரீல்ஸ் எடுக்கக் கற்றுத்தருகிறேன் என்கிறார், இன்னொருவர் ஏஐ இல்லாவிட்டால் வேலையே போய்விடும் என்று மிரட்டுகிறார். செய்த வேலை எவ்வளவு பலன் தந்தது என்று கணக்கிடும் அளவீடு பற்றிப் பேசுவோர் குறைவு, நெருக்கடி நேரத்து வேலையைப் பற்றிப் பேசுவோர் அதைவிடக் குறைவு. நாளுக்கு ஒரு மணி நேரம், ஆறு மாதம் மட்டுமே கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு திறனைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். இதை வெளியாளிடம் காசு கொடுத்துச் செய்துகொள்ள முடியுமா? தவறிப்போனால் யார் தலையில் விடியும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பாதி நேரம் அளவீட்டுக்கு, மீதியில் பெரும்பகுதி நெருக்கடிக்கு. ஏஐ பக்கத்தில் இருக்கட்டும். ரீல்ஸுக்கு ஆள் போட்டுக்கொள்ளலாம்.

ரீல்ஸ்

நல்ல எடிட்டர் எந்த ஊரிலும் கிடைக்கிறார். பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்) தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான்: 9:16 அளவில் நிமிர்த்திப் பிடித்து எடுப்பது, சட்டையில் மாட்டும் மைக், ஒலி இல்லாமல் பார்ப்பவருக்கும் புரியும்படி திரையில் வரி. அந்த வரியை அடிப்பகுதியில் வைத்தால் பயனர் பெயரும் பொத்தான்களும் மறைத்துவிடும், சற்று மேலே ஏற்றுங்கள்.

வெளியாளிடம் விடக் கூடாதது சட்டப் பக்கம். காசோ இலவசப் பொருளோ கொடுத்து இன்ஃப்ளூயன்சரைப் பேசவைத்தால், அது விளம்பரம் என்று காணொலியிலேயே தெரிய வேண்டும். விளம்பரத் தர அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. 2021லேயே இதற்கு விதி வகுத்துவிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். எடிட்டருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, உங்களுக்கு உண்டு.

ஏஐ கருவிகள்

2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். சில நாட்களில் அதே நாட்டின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி அலுவலகம் ஒன்று தன் மாணவர்களுக்கு ஆறுதல் மடல் அனுப்பியது. மடலின் கடைசியில், சாட்ஜிபிடியைக் கொண்டு எழுதியது என்ற குறிப்பு அப்படியே இருந்தது. கல்லூரி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு வரியை நீக்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நடந்தது ஒரே சம்பவம், மடலோ பல சம்பவங்கள் நடந்ததுபோல் பேசியது. துக்க மடலை ஒருவராவது உட்கார்ந்து படித்துப் பார்க்கவில்லை என்பதுதான் அங்கே கோளாறு.

இன்னொரு ஆபத்து ரகசியம். ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் மென்பொருள் நிரலை சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரிந்ததும், 2023 மே மாதம் சாம்சங் இத்தகைய கருவிகளுக்கு அலுவலகத்தில் தடை போட்டது. வெளியாகாத நிதி முடிவையோ பணிநீக்க அறிவிப்பையோ பொதுக் கருவியில் ஒட்டி 'இதை மெருகேற்று' என்பதும் அதே ரகம்தான்.

பயன்படும் இடங்களும் உண்டு. இரண்டு மணி நேர பிரஸ் மீட் ஒலிப்பதிவை எழுத்தாக்க, நீண்ட அறிக்கையைச் சுருக்க உதவும். எல்லாவற்றையும்விட, பேட்டிக்கு முன்தினம் 'கடுப்பான நிருபர் கேட்கக்கூடிய 20 கேள்விகள் கொடு' என்று வாங்கி, பதில் சொல்பவரை அதில் பழக்குவது நல்ல பலன் தரும். செய்திக்குறிப்பு எழுதவைத்தால் மேற்கோள்களை முதலில் பாருங்கள். தலைவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதிவிடும். தமிழில் இன்னும் தொல்லை: 'மேற்கொள்ளப்பட்டு வருகிறது', 'உறுதிப்பாட்டை வெளிப்படுத்துகிறது' என்று எந்த நிருபரும் எழுதாத தமிழ் வரும். வாய்விட்டு ஒருமுறை படித்தால் பாதிப் பிழை காதிலேயே பிடிபடும்.

அளவீடு

பல அலுவலகங்களில் இன்னும் நடப்பது இதுதான். நாளிதழில் செய்தி வந்த இடத்தை அளப்பார்கள். 30 சதுர செ.மீ., விளம்பரக் கட்டணம் சதுர செ.மீ.க்கு 1,000 ரூபாய் என்றால் 30,000. 'செய்திக்கு நம்பகத்தன்மை அதிகம்' என்று மூன்றால் பெருக்கி 90,000 ரூபாய் மதிப்பு என்று மேலிடத்துக்குக் காட்டுவார்கள். திட்டி வந்த செய்திக்கும் இதே கணக்கில் 90,000 வரும் என்பதை யாரும் கேட்பதில்லை. 2010இல் பார்சிலோனாவில் கூடிய அளவீட்டாளர்கள் இந்த முறை மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று அறிவித்துவிட்டார்கள். பழக்கம்தான் போகவில்லை.

மாற்று வழி கடினமானதல்ல. ரத்ததான முகாம் என்றால் எத்தனை செய்தி வந்தது என்பதோடு, எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுங்கள். பிரசாரத்துக்கு முந்தைய நான்கு வாரக் கணக்கு கையில் இல்லையென்றால் ஒப்பிட எதுவும் இருக்காது, அதை முதலில் எடுத்து வையுங்கள்.

பகிரும் ஒவ்வொரு இணைப்பிலும் யுடிஎம் குறிச்சொற்கள் வேண்டும். வருபவர் எங்கிருந்து, எந்த வகையில், எந்தப் பிரசாரத்தால் வந்தார் என்று காட்ட இணைப்பின் கடைசியில் ஒட்டும் சொற்கள் அவை. இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் இருந்து வருபவர்கள் பெரும்பாலும், இணையதளத்துக்கு வருவோரை எண்ணும் கூகுள் அனலிடிக்ஸில் 'டைரக்ட்' (நேரடியாக வந்தவர்) கணக்கில் கலந்துவிடுவார்கள். குறிச்சொல்லை ஆங்கிலத்தில் ஒருவர் பெரிய எழுத்திலும் இன்னொருவர் சிறிய எழுத்திலும் அடித்தால் இரண்டும் தனித்தனி வரிசையாக விழும். எல்லாம் சிறிய எழுத்து என்று ஒரு தாளில் எழுதிப் பகிர்ந்துவிடுங்கள். அந்தக் கருவியின் இப்போதைய பதிப்பான அனலிடிக்ஸ் 4இல் விரிவான தரவு இயல்பாக இரண்டு மாதம்தான் தங்கும். அமைப்பில் போய் 14 மாதமாக மாற்றுவது முதல் நாள் வேலை, ஏனென்றால் அழிந்தது திரும்பாது. அச்சுக்கு இதழ் வாரியாகத் தனி கியூஆர் குறியீடு கொடுத்தால் எந்த நாளிதழ் ஆளைக் கொண்டுவந்தது என்று தெரியும்.

இதை ஏஜென்சியிடம் விடலாமே என்றால், தன் தேர்வுத்தாளைத் தானே திருத்தச் சொல்வதுபோல் ஆகும்.

நெருக்கடி

2017 ஏப்ரல் 9 அன்று அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில் இருந்து ஒரு பயணி இழுத்து வெளியேற்றப்பட்டார், சக பயணிகள் அதைப் படமெடுத்தார்கள். மறுநாள் வந்த தலைமைச் செயல் அதிகாரியின் முதல் அறிக்கை, பயணிகளை 'மறு ஏற்பாடு' செய்ய நேர்ந்ததற்கு வருந்தியது. ரத்தம் வழியும் முகத்தை உலகமே பார்த்த பிறகு அந்தச் சொல் எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது. முறையான மன்னிப்பு 11ஆம் தேதிதான் வந்தது. காணொலியைப் பார்க்காமல், உள்ளிருந்து வந்த குறிப்பை மட்டும் வைத்து எழுதினால் இப்படித்தான் ஆகும்.

நான்கு வரி அறிக்கையை வெற்றிடம் விட்டு முன்பே எழுதி வைக்கலாம்: இதுவரை தெரிந்தது, இப்போது செய்வது, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு, யாரை அழைப்பது. ஒப்புதல் தர இரண்டே பேர், ஞாயிறு இரவிலும் எடுக்கும் இரண்டு எண்கள். ஒப்புதல் வரிசையில் ஐந்தாவது ஆள் சேரும்போது ஒரு மணி நேரம் போய்விடும்.

வாடிக்கையாளருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் திட்டம் இருந்தால் இன்னும் முந்த வேண்டும். இந்தியாவில் நிறுவனச் செய்திகளின் வார்ப்புருவை, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். பதியாதது நெருக்கடி நாளில் போய்ச் சேராது. ஆங்கிலத்தில் 160 எழுத்து கிடைக்கும் இடத்தில் தமிழில் 70தான். அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும்: 'தமிழ்' கண்ணுக்கு மூன்று எழுத்து, எஸ்.எம்.எஸ். கணக்கில் ஐந்து.