தொடையில் பட்டை கட்டி 14 மாதம்

"என்னடா, பாம்பு கடிச்சவனுக்குக் கட்டுற மாதிரி கட்டியிருக்கே?" முதல் நாள் பார்த்ததும் அப்பா கேட்டது இதுதான்.

ஷட்டில் ஆடப்போய் வலது முட்டியில் ஏசிஎல் (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் நார்) கிழிந்து ஆபரேஷன் ஆனவன் நான். மூன்று மாதம் கழித்து, முட்டிக்கு மேலே 10 செ.மீ. தள்ளி டேப் வைத்து அளந்தால் இடது தொடையைவிட வலது 3 செ.மீ. சிறுத்திருந்தது. வெயிட் ஏற்றினால் முட்டி வீங்கும், ஏற்றாவிட்டால் தசை வராது. அப்போதுதான் பிசியோ அந்தக் காற்றுப் பட்டையை எடுத்தார்.

தொடையின் உச்சியில், இடுப்பை ஒட்டி, பிரஷர் பார்க்கக் கையில் சுற்றுவது மாதிரியான அந்தப் பட்டையை (கஃப்) கட்டிக் காற்றடிப்பார்கள். காலுக்குள் வரும் ரத்தம் குறையும், திரும்பிப் போகும் ரத்தம் தேங்கும். ஆக்சிஜன் குறைந்து தசை உழைக்கும்போது உண்டாகும் லாக்டேட் சேரச் சேர, வழக்கமாகக் கனமான எடைக்கு மட்டும் எழுந்து வரும் தசை இழைகள் சின்ன எடைக்கே வேலைக்கு வந்துவிடும். ஜப்பானின் யோஷியாகி சாட்டோ, 1966ல் ஒரு பௌத்தச் சடங்கில் மண்டியிட்டுக் கால் மரத்துப்போனபோது, பயிற்சி முடித்த கால் மாதிரியே இருக்கிறதே என்று யோசித்ததில் இந்த முறை ஆரம்பித்ததாம். அவர் வைத்த பெயர் காட்சு.

ரத்தம் முழுசாக நிற்கும் அழுத்தத்தை டாப்ளர் (ரத்த ஓட்டத்தை ஒலி அலையால் கண்டுபிடிக்கும் கருவி) வைத்துப் பார்த்தார்கள். எனக்கு 180 mmHg. அதில் 60 சதவீதம், அதாவது 110க்குச் சற்றுக் கீழே. லெக் எக்ஸ்டென்ஷனில் (உட்கார்ந்து காலை நீட்டி எடை தூக்கும் மெஷின்) வெறும் 10 கிலோ. முதலில் 30 தடவை, பிறகு 15, 15, 15. நடுவில் 30 விநாடிதான் ஓய்வு, அப்போதும் காற்றை இறக்கக் கூடாது.

முதல் முப்பது விளையாட்டு. மூன்றாவது செட்டில் பத்தைத் தாண்டியதும் தொடைக்குள் மிளகாய் அரைத்துப் பூசினதுபோல எரிந்தது. பக்கத்தில் 80 கிலோ தள்ளுகிற பையன் என் 10 கிலோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். காற்றை இறக்கியதும் கால் பூராவும் சூடாக ரத்தம் பாயும், அது தனி சுகம்.

நடுவில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். காசை மிச்சம் பிடிக்க எலாஸ்டிக் பட்டை வாங்கி வீட்டில் நானே இறுக்கினேன். மீட்டர் இல்லாததால் எவ்வளவு இறுக்கம் என்றே தெரியவில்லை. பாதம் வெளுத்து விரல்கள் மரத்தன. மறுநாள் தொடையில் சிவப்புப் புள்ளிகள். பட்டை மெலிதாக இருந்தால் கூடுதலாக இறுக்க வேண்டியிருக்கும், அதுதான் ஆபத்து. திரும்ப அகலமான, மீட்டர் உள்ள கஃபுக்கே வந்தேன்.

வாரம் மூன்று நாள், பத்து வாரத்தில் வித்தியாசம் ஒன்றரை செ.மீ. ஆகியிருந்தது. ஆனால் பலம் அதே வேகத்தில் வரவில்லை. தொடை தடித்தும், படியில் ஒற்றைக் காலை ஊன்றி ஏறினால் நடுங்கியது. முட்டி ஒத்துழைக்க ஆரம்பித்ததும் கனமான ஸ்குவாட்டுக்கு மாறியபிறகுதான் அந்த நடுக்கம் போனது. தசை திரும்ப வர இது நன்றாக உதவும். பலத்துக்கு எடையைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

இப்போது வாரம் ஒரு நாள், கடைசி இரண்டு செட்டுக்கு மட்டும் கட்டுகிறேன். அப்பா தனக்கும் கட்டிவிடச் சொன்னார். அவருக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது, பிரஷரும் உண்டு. டாக்டர் சரி என்று சொல்லாமல் முடியவே முடியாது என்றேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.