அப்பாவின் பொத்தான் போனும் என் மூன்று வார லீவும்

எங்கள் குடும்பத்தின் ஓடிபி அலுவலகம் தூத்துக்குடியில், அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. என் வங்கிக் கணக்கு, தங்கச்சி வீட்டு கேஸ் இணைப்பு, வீட்டு வரி என்று எல்லாவற்றுக்கும் அவர் எண்தான். என் பழைய இந்திய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அது யாருக்கோ போய்விட்டது. அப்பாவின் எண் மட்டும்தான் இத்தனை வருடமாக மாறவே இல்லை. ஜெனீவாவில் உட்கார்ந்து நான் பணம் அனுப்புவதென்றால் முதலில் அவரைக் கூப்பிட வேண்டும். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வோர் எண்ணாகப் படிப்பார்.

இதில் வேடிக்கை, இணையமே வேண்டாம் என்பவர் அவர்தான். 82 வயது. தொலைபேசித் துறையில் லைன்மேனாகச் சேர்ந்து, அது பிஎஸ்என்எல் ஆன பிறகு ரிட்டயர் ஆனவர். கம்பம் ஏறிக் கம்பி இழுத்தவருக்குப் போனைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கேட்டால், “தெரியாம இல்லல, வேண்டாம்னு வச்சிருக்கேன்” என்பார். 2025 நவம்பர் நடுவில் ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்தேன். அந்த ‘வேண்டாம்’ எந்தெந்தக் கவுன்டரில் செல்லுபடியாகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்த மாதிரி ஆகிவிட்டது இந்த லீவு.

முதலில் மாட்டியது நான்தான். இறங்கிய விமான நிலையத்தில் இலவச வைஃபை உண்டு, ஆனால் ஓடிபி வந்தால்தான் திறக்கும். என் சுவிஸ் எண்ணுக்கு அது வரவே இல்லை. வெளியே நிற்கும் அப்பாவைக் கூப்பிட்டு அவர் எண்ணைப் போடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அவரைக் கூப்பிட எனக்கு நெட் வேண்டும். சரி என்று பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சித்தப்பா மகன் காரில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குக் கிளம்பினோம். வழியில் ஒரு டோல்கேட்டில் அவன் ஃபாஸ்டேக் (கண்ணாடியில் ஒட்டிய, சுங்கம் தானாகக் கழியும் வில்லை) வேலை செய்யவில்லை. கேஒய்சி என்னும் அடையாளச் சரிபார்ப்பு ஏதோ பாக்கியாம். அப்பா முன்சீட்டிலிருந்து பர்ஸை எடுத்து ரூபாய் நோட்டை நீட்டினார். பூத்தில் இருந்த பையன் வாங்கவில்லை.

“ஐயா, காசுன்னா ரெண்டு மடங்கு. யுபிஐ போட்டா ஒண்ணேகால்தான்.”

அந்தப் பையன் சொன்னது சரிதான். 2025 நவம்பர் 15-ஆம் தேதியிலிருந்து நெடுஞ்சாலைகளில் அதுதான் அப்போதைய விதி. ஃபாஸ்டேக் இல்லாமலோ கெட்டுப்போயோ வந்தால், பணமாகக் கொடுப்பவருக்கு இரண்டு மடங்கு, யுபிஐயில் கொடுப்பவருக்கு 1.25 மடங்கு. டேக் இல்லாததற்கு அபராதம் என்றால் எனக்குப் புரிகிறது. ஆனால் டேக் இல்லாத இரண்டு பேரில் போன் வைத்திருப்பவனுக்குக் கால் பங்கு கூடுதல், நோட்டு வைத்திருப்பவனுக்கு முழுப் பங்கு கூடுதல். ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி நாடு முழுக்கச் செல்லுபடியாகும் பணம் அந்த நோட்டு. அப்பா எதுவும் சொல்லாமல் நோட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். தம்பி போனில் போட்டான். கோவில்பட்டி தாண்டும்வரை வண்டியில் பேச்சில்லை.

எனக்கும் யுபிஐ கிடையாது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு எண்ணில் யுபிஐ போடலாம் என்று 2023 ஜனவரியில் அனுமதி வந்தபோது 10 நாடுகளின் பெயர் இருந்தது. சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, வளைகுடா நாடுகள் சில எல்லாம் உண்டு, சுவிட்சர்லாந்து இல்லை. மக்ரூன் கடையில் கால் கிலோ வாங்கிவிட்டு ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினால், கடைக்காரர் என்னை ஏதோ 1985-இலிருந்து வந்தவன் போலப் பார்த்தார். “சில்லறை இல்லியே அண்ணாச்சி, ஜிபே இல்லியா?” பக்கத்தில் பரோட்டாக் கடையிலும் இதே கதை. கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ள பெட்டி நிமிடத்துக்கு ஒருமுறை வந்த பணத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். சில்லறைக்காக வங்கி வரிசையில் நின்ற காலம் அவர்களுக்குத்தானே தெரியும்.

அப்புறம் வங்கிக்கு வருகிறேன். நவம்பர் என்றால் பென்ஷன்காரர்களுக்கு, உயிரோடு இருப்பதைக் காட்டும் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கும் மாதம். 80 வயதைத் தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம். ஆனால் அப்பா நவம்பரில்தான் போவார். கூட வேலை பார்த்தவர்களை வருடத்தில் அன்று ஒரு நாள்தான் பார்க்கிறாராம். ‘எண்ணிக்கை குறையுதா’ என்றும் பார்த்துக்கொள்வாராம்!

காலை பத்து மணிக்குப் போனோம். வாசலிலேயே மேசை போட்டு, கையில் போனோடு ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். ஒப்பந்தப் பணியாளர் என்று நினைக்கிறேன். லைஃப் சர்டிபிகேட்டை டிஜிட்டலாகக் கொடுக்கும் ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில் வந்தபோது கைரேகை, கருவிழி மட்டும் இருந்தது. 2021-இலிருந்து முகத்தைக் காட்டினாலே போதும். நல்ல ஏற்பாடுதான், படுக்கையில் கிடப்பவரை ஆட்டோவில் தூக்கி வர வேண்டியதில்லை.

“தாத்தா, நேரா பாருங்க. கண்ணை மூடித் திறங்க.”

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. மூடித் திறந்தார். போன் ஏற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள், வெளிச்சத்துக்கு வரச் சொன்னாள், சுவரோரம் நிற்கச் சொன்னாள். நாலாவது தடவை அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண் மேல் தப்பே இல்லை, பாவம், பொறுமையாகத்தான் செய்தாள். “தாத்தாவுக்குத் தெரியல, நீங்க சொல்லிக் கொடுங்க அண்ணா” என்று என்னிடம் சொன்னபோதுதான் அப்பாவுக்குச் சுருக்கென்றது.

மஞ்சப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வீட்டிலேயே பூர்த்தி செய்து கையெழுத்தும் போட்டுக் கொண்டு வந்திருந்த லைஃப் சர்டிபிகேட் படிவம். நேராக உள்ளே போய் அதிகாரியின் மேசையில் வைத்தார்.

“இத வாங்க மாட்டீகளா?”

“வாங்கலாம் சார். ஆனா இப்ப எல்லாரும் போன்ல பண்ணிடுறாங்க. ரெண்டே நிமிஷம்.”

“வெளிய நாப்பது நிமிஷம் ஆச்சு. நான் உசுரோட இருக்கேன்னு போன்தான் சொல்லணுமா? நீங்க பாத்துச் சொல்லப்படாதா?”

அதிகாரி சிரித்துவிட்டார். தாளை வாங்கி, பென்ஷன் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, கணினியில் ஏற்றினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. “மெசேஜ் வந்துரும் சார்” என்றார். அப்பா நகரவில்லை. ஒப்புகைச் சீட்டு கேட்டார். கையெழுத்திட்ட ஒப்புகை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே பல வருடத்துக்கு முன் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, சீல் வைத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்.

பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு இருப்பவர்களுக்காக இதையும் எழுதிவைக்கிறேன். அதே வங்கியின் எந்தக் கிளையில் வேண்டுமானாலும் இந்தப் படிவத்தைக் கொடுக்கலாம். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து வாங்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நாங்கள் போன கிளையில் இவற்றில் ஒன்றுகூட எழுதி ஒட்டியிருக்கவில்லை. சுவர் முழுக்கச் செயலியின் விளம்பரம். தாள் வழி திறந்துதான் இருக்கிறது. ஆனால் அது இருக்கிறது என்று தெரிந்தவர், கேட்கத் துணிந்தவர் மட்டும்தான் அதில் போக முடிகிறது.

அன்று சாயங்காலம் இதைப் பற்றிப் பேசும்போது 2018 வந்துவிட்டது. எங்கள் ஊரில் எந்தப் பேச்சும் சுற்றி அங்கே வந்து நிற்கும். ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் மே 22, 23 தேதிகளில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். 23-ஆம் தேதி தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் 27-ஆம் தேதி வரை இணையத்தை நிறுத்தி அரசு ஆணை போட்டது. அதற்கு முந்தைய வருடம் போட்ட தொலைத்தொடர்பு நிறுத்த விதிகள்தான் கை கொடுத்தன. ஜெனீவாவில் நான் தங்கச்சிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் ஒற்றை டிக்கோடு நின்றது. கடைசியில் வீட்டு லேண்ட்லைனுக்கு அடித்தேன். இரண்டாவது மணியில் அப்பா எடுத்தார். “எல்லாரும் வீட்டுலதான் இருக்கோம். கம்பி இருக்குல, பேசு.”

இணையம் வேண்டாம் என்பவருக்கு அதை நிறுத்தினால் என்ன போச்சு என்று நான் கேட்டுவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் வந்தது. “வேண்டாம்னு நான் சொல்லலாம்ல. உனக்கு வேண்டாம்னு அவன் எப்படிச் சொல்லுவான்?”

இந்தியாவில் நீதிமன்றங்கள் அப்பா சொன்னதில் இரண்டாவது பாதியைப் பற்றி நிறையப் பேசியிருக்கின்றன. கோழிக்கோடு பக்கத்தில் கல்லூரி விடுதியில் மாணவிகளின் போனைப் பிடுங்கி வைத்த வழக்கில், 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் இணையத்தைக் கல்வி உரிமையோடு சேர்த்துப் பார்த்தது. காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இணையம் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசியல் சாசனப் பாதுகாப்பு பெற்றவை என்றது. காலவரையறை இல்லாமல் நிறுத்திவைக்கக் கூடாது என்றும் சொன்னது. 2025 ஏப்ரலில் வந்த தீர்ப்பைப் படித்தபோது எனக்கு அப்பாவின் கண்தான் ஞாபகம் வந்தது. ஆசிட் வீச்சில் கண் இமைக்க முடியாமல் போன ஒரு பெண்ணுக்கு வங்கியில் கணக்குத் தொடங்க முடியவில்லை. கேமரா முன்னால் இமைத்தால்தான் உயிரோடு இருப்பதாகக் கணக்கு. டிஜிட்டல் அணுகல் வாழும் உரிமையின் பகுதி, இமைப்பதற்கு மாற்று வழி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் இதெல்லாம் முடியாதவருக்கு. முடியும், ஆனால் மாட்டேன் என்பவருக்கு? நான் இருக்கும் ஜெனீவா மாநிலத்தில் 2023 ஜூனில் இதற்கு ஓட்டெடுப்பே நடந்தது. 94 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். இணையம் இல்லாமல் வாழும் உரிமை அங்கே மாநில அரசியல் சாசனத்தில் ஒரு வரியாக இருக்கிறது. எனக்கு அங்கே அந்த ஓட்டு இல்லை, பக்கத்து வீட்டுப் பாட்டி போட்டார். அவர் மாதம்தோறும் பில்களை எடுத்துக்கொண்டு தபால் அலுவலகக் கவுன்டரில் பணம் கட்டுவார். சுவிஸ் பில்லிலும் க்யூஆர் உண்டு. ஆனால் இடது ஓரத்தில் ரசீதுத் துண்டு ஒன்றும் அச்சிட்டிருக்கும், கவுன்டரில் அதில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். சுவர்க்கம் என்று சொல்ல வரவில்லை, அங்கும் கவுன்டர்கள் குறைந்துகொண்டுதான் வருகின்றன. அந்தத் துண்டுச் சீட்டுக்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள், அதைச் சொல்கிறேன்.

ஊரில் இணையத்தால் கிடைத்த நல்லதையும் மறைக்கக் கூடாது. தாத்தா நிலத்தின் பட்டாவையும் வில்லங்கத்தையும் நான் ஜெனீவாவிலேயே பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். முன்பெல்லாம் அதற்கே லீவில் ஒரு வாரம் போகும். இந்தத் தடவை அந்த ஒரு வாரமும் திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் அப்பாவோடு சுற்றினேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவருக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். மூஞ்சியைப் பார்த்து வீடியோவில் பேசலாமே என்று என் ஆசை. “உன் மூஞ்சி எனக்குத் தெரியும்ல” என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போது விமான நிலையத்தில் என் கணக்கிலிருந்து தங்கச்சிக்கு ஒரு தொகை அனுப்ப வேண்டியிருந்தது. இரவு பதினொன்றரை மணி. யோசித்து யோசித்துக் கடைசியில் கூப்பிட்டேன். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் போல.

“எழுதிக்கோ. நாலு, சைபர், ஒண்ணு… வந்து சேந்துட்டியா, சாப்ட்டியா? மிச்சத்த அப்புறம் சொல்லுதேன்.”