கலப்புப் புல்வெளி: திறந்த மேய்ச்சலா, தடுப்பு மேய்ச்சலா?

கினியாப் புல், கொழுக்கட்டைப் புல், இடையிடையே முயல் மசால் என்னும் பயறுவகைத் தீவனச் செடி எனக் கலந்து வளர்ந்த நிலத்தை முழுவதுமாகத் திறந்துவிட்டு மாடுகளை மேயவிடலாம். அல்லது அதைத் தடுப்புகளாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றவற்றை ஆறப்போடலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத் தடுப்பு முறைக்கு மாறியவன் நான் என்பதால், இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

திறந்த மேய்ச்சலில் வேலியும் ஆள்வேலையும் குறைவு என்பதில் விவாதமில்லை. மாட்டுக்கும் அது வசதியே. மேல்வரிசையில் முன்பற்கள் இல்லாத மாடு, நாக்கால் புல்லை வளைத்து, கீழ்ப்பற்களுக்கும் மேல் ஈறுக்கும் இடையில் பிடித்து இழுத்து அறுக்கிறது. நாளில் ஏறக்குறைய 8 மணி நேரம் இப்படி மேயும்போது, தட்டையை ஒதுக்கித் தோகையையே தேடுகிறது. இடம் விரிந்தால் தேர்வும் விரியும். மாடுகளின் எண்ணிக்கை நிலத்தின் தாங்குதிறனை மிஞ்சாதவரை, எடை கூடுவதில் திறந்த மேய்ச்சல் பெரிதாகப் பின்தங்குவதில்லை.

என்னை மாற வைத்தது எடையன்று, புல்லின் ஆயுள். வெப்பமண்டலப் புற்கள் மழைக்குப் பின் விறுவிறுவென வளர்ந்து, அதே வேகத்தில் முற்றியும் விடுகின்றன. புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாடு தின்னும் அளவே குறைகிறது. ஆகவே மாடு முற்றிய புல்லைத் தாண்டிப் போய், சில நாள் முன்பு தான் கடித்த தூரில் விட்ட இளந்துளிரையே மீண்டும் கடிக்கிறது. எங்கள் நிலத்தில் ஒரு கினியாத் தூர் பருவம் முழுவதும் கணுக்கால் உயரத்தைத் தாண்டவில்லை. அதற்குக் கை எட்டும் தொலைவில் கொழுக்கட்டைப் புல் கதிர் தள்ளிக் காய்ந்து நின்றது. தோகை இழந்த தூர், தன்னிடம் சேர்த்துவைத்ததைச் செலவழித்துத்தான் துளிர்க்க வேண்டும். அடுத்த மழைக்கு அந்தத் தூரின் நடுப்பகுதி கறுத்துப்போய், ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று துளிர்கள் வந்தன.

தடுப்பு முறையில், புதுத்துளிர் கடிபடும் உயரத்துக்கு வருமுன் மாடுகளை நகர்த்திவிடுவதால் இந்த இரண்டாம் கடி நிற்கிறது. மழைக்காலத்தில் ஒரு தடுப்பில் 3 அல்லது 4 நாள், பிறகு 4 வாரம் அளவுக்கு ஓய்வு என்பது எங்கள் கணக்கு. தட்டையையும் தின்று தீர்க்கட்டும் என்று ஒருமுறை இரண்டு நாள் கூடுதலாக நிறுத்தியதில் பால் குறைந்ததுதான் மிச்சம்.

முயல் மசால் விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. திறந்த நிலத்தில் மாடுகள் மழைத் தொடக்கத்தில் இளம்புல்லையே நாடி, புல் முற்றிய பிறகுதான் மசாலுக்கு வருகின்றன. தடுப்புக்குள் நெருக்கினால் அதுவும் முன்கூட்டியே கடிபடுகிறது. என் அனுபவம் சில பருவங்களுக்கு உட்பட்டதே, எனவே இதை உறுதியான குறை என்று சொல்ல மாட்டேன்.

வறண்ட மாதங்களில் புல் வளராது என்பதால் தடுப்புகளை நானும் திறந்தே விடுகிறேன்; முதல் மழை விழுந்த அன்றே மூடிவிடுகிறேன்.